பவர்ஸ்கோர்ட் மாளிகை: வீட்டுக்குள் கடைகளா, கடைகளுக்குள் வீடா?

தூண்நிழல்

அனைவருக்கும் வணக்கம். அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் சவுத் வில்லியம் தெருவில் உள்ள பவர்ஸ்கோர்ட் மாளிகையைப் பற்றித் தனியாக ஓர் இழை தொடங்க வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். முதலிலேயே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். விக்லோ மாவட்டத்தில் என்னிஸ்கெரிக்கு அருகே, தோட்டங்களுக்குப் பெயர்பெற்று, 1974இல் தீயில் சிதைந்த பெரிய வீட்டுக்கும் பவர்ஸ்கோர்ட் என்றுதான் பெயர். அது அந்தக் குடும்பத்தின் நாட்டுப்புற மாளிகை. நான் பேசுவது அதே குடும்பம் 1771 முதல் 1774 வரை கட்டிய நகர வீட்டை, அதாவது இன்று கடைகளும் உணவகங்களும் நிறைந்திருக்கும் கட்டடத்தை.

அந்தத் தெருவுக்கு அருகில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பெரும்பாலான நாட்களில் மதிய உணவுக்கு உள்ளே இருக்கும் கண்ணாடிக் கூரையிட்ட முற்றத்துக்குத்தான் செல்வேன். எனக்கு மூன்று ஐயங்கள் உள்ளன. முதலாவது, இவ்வளவு கனமான கருங்கல் முகப்பை இவ்வளவு குறுகிய தெருவில் ஏன் வைத்தார்கள்? எதிர் நடைபாதையில் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாலும் முழு முகப்பும் கண்ணுக்குள் அடங்குவதில்லை. இரண்டாவது, படிக்கட்டுக் கூடத்தின் சுதை வேலை ஒரு கையால் செய்தது போலவும், மற்ற அறைகளின் மேல்தளச் சுதை, அதாவது உட்கூரையின் சுதை, முற்றிலும் வேறொரு மனத்தால் செய்தது போலவும் தோன்றுவது ஏன்? மூன்றாவதுதான் எனக்கு முக்கியமானது. இவ்வளவு கடைகள் புகுந்த பிறகு இதை ஜார்ஜிய நகர வீடு, அதாவது ஜார்ஜ் மன்னர்கள் ஆண்ட காலத்துப் பாணியிலான நகர வீடு, என்று சொல்வது பொருந்துமா?

---

கல்தச்சன்

முதல் கேள்வியின் ஒரு பாதிக்கு, கல்லோடு பழகியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். முகப்பின் கருங்கல் விக்லோவில் இருந்த அதே குடும்பத்தின் நிலத்திலிருந்து வந்தது. ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் தொலைவு. சொந்தக் கல் என்பதால் தாராளமாகப் பயன்படுத்தினார்கள் என்பது ஒரு காரணம். தலைநகரில் வந்து இறங்கும் ஒவ்வொருவருக்கும் எங்கள் மலை எங்கள் வாசலில் நிற்கிறது என்று காட்டுவது இன்னொரு காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். இரண்டாவது என் ஊகம்தான்.

விக்லோ கல் வெளிர்சாம்பல் நிறம் கொண்டது, மணி பருத்தது, அபிரகத் துகள் மிகுந்தது. மழை விட்டு வெயில் அடிக்கும்போது அருகே போய்ப் பார்த்தீர்களானால் கல்லின் மேல்பரப்பு பொடிப்பொடியாக மினுக்கும். அந்த மினுக்கம் அழகாகத்தான் இருக்கும்; ஆனால் உளி பிடிப்பவனுக்கு அதுதான் தொல்லை. மெல்லிய விளிம்பு எடுக்கப் போனால் மணி மணியாக உதிர்ந்துவிடும். ஆகவேதான் அக்காலத்து டப்ளின் கட்டடங்களில் சுவர் கருங்கல்லாகவும், நுணுக்கமான செதுக்கு வேலை இங்கிலாந்தின் டார்செட் கரையிலிருந்து கப்பலில் வந்த போர்ட்லண்ட் சுண்ணக்கல்லாகவும் இருப்பதை நிறையப் பார்க்கலாம். பவர்ஸ்கோர்ட் மாளிகையின் முகப்பிலோ கல்லின் குணம்தான் வடிவத்தைத் தீர்மானித்திருக்கிறது. தரைத்தளத்தில் கல்லிணைப்புகளை ஆழமாக வெட்டி ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாகப் பிதுக்கிக் காட்டியிருப்பதும், உச்சியில் எழும்பி நிற்கும் மேல்மாடத்தின் இரு பக்கமும் பெரிய சுருள்களை வைத்திருப்பதும் பருமனான வேலைகள். அந்தச் சுருள்களை அரை அளவில் செய்திருந்தால் கீழிருந்து பார்ப்பவருக்கு வெறும் கட்டியாகத்தான் தெரிந்திருக்கும்.

வாசலின் இரு புறமும் சற்றுத் தள்ளி நிற்கும் வளைவு வாயில்களையும் கவனியுங்கள். வேலைக்காரர்களும் குதிரைகளும் வீட்டின் முன்வாசலைத் தொடாமல் பின்னால் போவதற்கான வழிகள் அவை. வீட்டுக்குப் பங்கில்லாத அகலத்தையும் அவை முகப்புக்குக் கொடுத்துவிடுகின்றன. செலவு குறைவு, தோற்றம் பெரிது.

---

உத்திரம்

கல்தச்சன் ஐயா கல்லிலிருந்து தொடங்கியது நல்லதாயிற்று, ஏனென்றால் இம்மாளிகையை வடிவமைத்த ராபர்ட் மேக் என்பவரும் கல்வேலைக்காரர்தான். மூன்றாம் பவர்ஸ்கோர்ட் பிரபுவான ரிச்சர்ட் விங்ஃபீல்டுக்காக அவர் இதைக் கட்டினார்.

முகப்பு கனமாக இருப்பதற்குக் கல் மட்டும் காரணமன்று, காலக்கணக்கும் உண்டு. 1771இல் டப்ளினில் இப்படியொரு முகப்பு ஏற்கெனவே பழைய பாணி. கட்டடக்கலைஞர் ரிச்சர்ட் காசல்ஸ் இதே நகரில் லென்ஸ்டர் மாளிகையைத் தொடங்கியது 1745இல். அந்தப் பல்லாடிய மரபு, அதாவது இத்தாலியக் கட்டடக்கலைஞர் பல்லாடியோவின் வழியில் நடுவை முன்தள்ளிச் சமச்சீராக அடுக்கும் மரபு, அவரோடு முதிர்ந்துவிட்டது. 1760களிலேயே வில்லியம் சேம்பர்ஸ் வரைந்த சார்லிமான்ட் மாளிகை ஒடுக்கமான, மெல்லிய அலங்காரம் கொண்ட புதுச் சுவையை நகருக்குக் காட்டிவிட்டது. மேக் அதைக் கண்டும் காணாதவராக வாசலுக்கு மேலே மூன்று பிரிவு கொண்ட வெனிசியச் சாளரம், அதற்கு மேல் இன்னும் இன்னும் என்று ஏற்றிக்கொண்டே போகிறார். இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு இந்தப் பிடிவாதம் பிடிக்கும்.

சாளரங்களின் உயரத்தைக் கீழிருந்து மேலாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஜார்ஜிய நகர வீட்டின் இலக்கணமே அதில் இருக்கிறது. விருந்தினருக்குரிய முதல்மாடியில் சாளரம் மிக உயரம். அதற்கு மேல் படுக்கையறைகள், உயரம் குறைவு. உச்சியில் ஏறக்குறையச் சதுரம். முன்பின் தெரியாத ஒருவர் தெருவில் நின்றபடியே எந்தத் தளத்தில் யார் இருப்பார் என்று சொல்லிவிடலாம். ஐரிஷ் நாடாளுமன்றம் கூடும் பருவத்தில் மட்டுமே இங்கு குடும்பம் தங்கியது. காலேஜ் கிரீனில் இருந்த நாடாளுமன்றக் கட்டடம் நடந்து போகும் தொலைவு. ஆகவே இது வாழ்வதற்கான வீடு என்பதைவிட வரவேற்பதற்கான வீடு. கல்படி ஏறி, கூடத்தில் நின்று, மகோகனிப் படிக்கட்டில் திரும்பி, வெளிச்சம் நிறைந்த முதல்மாடி அறைக்குள் நுழைவது வரை ஒரே ஊர்வலமாகத் திட்டமிடப்பட்டது. இந்த ஊர்வலத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது கேள்விக்கு அது வேண்டும்.

---

சுண்ணச்சாந்து

இரண்டாவது கேள்வி என் தொழில் சார்ந்தது. பதினோரு ஆண்டுகளாக இங்கிலாந்தில் பழைய சுதை மேல்தளங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன்.

தாங்கள் கண்ட வேறுபாடு உண்மையானது. அது இரண்டு மனங்கள் மட்டுமன்று, இரண்டு தொழில்முறைகள். படிக்கட்டுப் பகுதியின் சுதை ஜேம்ஸ் மெக்கல்லா என்பவருடையது. ரொக்கோகோ எனப்படும் அந்த முறையில், சுண்ணாம்பும் மணலும் விலங்கு முடியும் கலந்த அடிச்சாந்து ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் ஆணியும் கம்பியும் அடித்து, இலைச்சுருளையும் மலரையும் விரலாலும் சிறு கரண்டியாலும் அந்த இடத்திலேயே வனைவார்கள். இடது இலையும் வலது இலையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அங்கில்லை. சாந்து இறுகுவதற்குள் கை எங்கே போகிறதோ அங்கேதான் வளைவு. மற்ற முக்கிய அறைகளின் மேல்தளம் மைக்கேல் ஸ்டேப்பிள்டனுடையது. அவர் ஸ்காட்லாந்துக் கட்டடக்கலைஞர்களான ஆடம் சகோதரர்களின் வழியைப் பின்பற்றியவர். வட்டம், விசிறி, மணிச்சரம், பூஜாடி என்று அளவெடுத்த உருக்களை அச்சில் வார்த்து, மேல்தளத்தில் கோடு கிழித்து, அந்தக் கோட்டின் மேல் ஒட்டுவார்கள். புடைப்பு குறைவு, ஒழுங்கு அதிகம். அவருடைய பட்டறையைச் சேர்ந்த வரைபடங்கள் அயர்லாந்து தேசிய நூலகத்தில் இருக்கின்றன. ஒரே வீட்டுக்குள், ஓரிரண்டு ஆண்டு இடைவெளியில், ஒரு பாணி முடிந்து இன்னொன்று தொடங்குவதைப் படியேறியபடியே பார்க்க முடிகிற இடங்கள் அதிகமில்லை. வெளியே பழமை, படிக்கட்டில் அதைவிடச் சற்றுப் புதுமை, அறைக்குள் அன்றைய நாகரிகம் என்று மூன்றும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கின்றன.

கடைகள் வந்தால் இதற்கெல்லாம் என்ன ஆகும் என்பதற்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். வேறொரு ஊரில், 1780களைச் சேர்ந்த வரிசை வீடு ஒன்றின் முதல்மாடி துணிக்கடையாக இருந்தது. விளக்குகளைத் தொங்கவிடுவதற்காக முந்தைய குத்தகைதாரர் மேல்தளத்தில் நாற்பது ஓட்டைக்கு மேல் துளைத்திருந்தார். சாந்தைப் பிடித்திருக்கும் மரச் சிம்புகள் பல இடங்களில் அறுந்து, ஒரு சதுர மீட்டர் அளவுக்குச் சுதை தொப்பையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அதே மேல்தளத்தில் இன்னொரு பாடமும் கிடைத்தது. இருநூறு ஆண்டுகளில் பூசப்பட்ட வண்ணங்களை ஒரு மலரின் மேல் மட்டும் பல்மருத்துவர் பயன்படுத்துவது போன்ற சிறு கருவியால் சுரண்டினேன். பதினேழு படலங்கள் இருந்தன. அவை நீங்கியதும், அதுவரை கொழுக்கட்டை போலிருந்த மலரில் இதழின் ஓரமடிப்பும் நடு நரம்பும் தெரிந்தன. அந்தப் பதினேழில் பெரும்பாலானவை அது கடையாவதற்கு முன்பு, நல்ல குடும்பங்கள் குடியிருந்தபோது பூசப்பட்டவை. சுதையைக் கெடுப்பதில் வீட்டுக்காரர்களுக்கும் பங்குண்டு.

---

மாடப்புறா

சுவையான விவரங்கள். ஆனால் எல்லோரும் மூன்றாவது கேள்வியைச் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். நான் நேரடியாகவே பதில் சொல்கிறேன். பொருந்தாது. உத்திரம் அவர்கள் சொன்ன ஊர்வலம் இன்று அங்கே இல்லை. விருந்தினர் அறையில் விலைச்சீட்டு தொங்குகிறது. ஸ்டேப்பிள்டனின் மேல்தளத்தை அண்ணாந்து பார்க்க நின்றால், கடை ஊழியர் வந்து உதவி வேண்டுமா என்று கேட்கிறார். ஓர் அறையின் அளவும் விகிதமும் அந்த அறையில் நடந்த வாழ்க்கைக்காக அமைந்தவை. வாழ்க்கையை எடுத்துவிட்டு விகிதத்தை மட்டும் காப்பாற்றினோம் என்பது, நகையை விற்றுவிட்டுப் பெட்டியைப் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்பது போலத்தான்.

---

பழங்கணக்கு

மாடப்புறா அவர்களின் கோபத்தை மதிக்கிறேன். ஆனால் அந்த வாழ்க்கையை எடுத்தது கடைக்காரர் அல்லர் என்பதைக் கணக்குப் போட்டுக் காட்ட விரும்புகிறேன்.

வீடு முடிந்தது 1774இல். 1801 சனவரி முதல் நாள் பிரிட்டனுடனான இணைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. டப்ளினின் நாடாளுமன்றம் இல்லாமல் போயிற்று. நாடாளுமன்றம் இல்லையென்றால் பருவம் இல்லை, பருவம் இல்லையென்றால் இப்படிப்பட்ட வீட்டுக்கு வேலை இல்லை. நாடாளுமன்றக் கட்டடத்தையே அயர்லாந்து வங்கி வாங்கியது. லென்ஸ்டர் மாளிகை, வேளாண்மையையும் கலைகளையும் வளர்த்த டப்ளின் சங்கத்தின் கைக்குப் போனது. ஸ்டேப்பிள்டனின் மிகச் சிறந்த வேலைகளில் ஒன்றைக் கொண்ட பெல்வெடியர் மாளிகையை 1841இல் இயேசு சபையினர் பள்ளிக்காக வாங்கினார்கள். பவர்ஸ்கோர்ட் மாளிகை 1807இல் 15,000 பவுனுக்கு அரசிடம் விற்கப்பட்டு முத்திரைத்தாள் அலுவலகமாயிற்று. அதற்காகத்தான் பிரான்சிஸ் ஜான்ஸ்டன் என்ற கட்டடக்கலைஞர், பின்னாளில் தலைமை அஞ்சலகத்தைக் கட்டிப் புகழ்பெற்றவர், வீட்டின் பின்புறத்தில் முற்றத்தைச் சுற்றிச் செங்கல் கட்டடங்களைச் சேர்த்தார். 1830களில் ஃபெரியர் பொல்லாக் என்ற மொத்தத் துணி வணிக நிறுவனம் அதை வாங்கி, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே வணிகம் செய்தது. 1981இல் இன்றைய கடைத்தொகுதியாகத் திறக்கப்பட்டது.

இனிக் கூட்டிப் பாருங்கள். பிரபுவின் குடும்பம் அதை வைத்திருந்தது 33 ஆண்டுகள். அதுவும் பருவத்துக்குப் பருவம். துணியும் பிற சரக்கும் இருந்தது அதைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். ஓர் ஊரில் ஒருவர் பிறந்து மூன்று வயதில் வெளியேறி, இன்னோர் ஊரில் வாழ்ந்து முதிர்ந்தால் அவரை எந்த ஊர்க்காரர் என்போம்?

---

மாடப்புறா

கணக்கு சரி. இருந்தாலும் ஒரு வேறுபாட்டைப் பழங்கணக்கு ஐயா கடந்து போய்விட்டார். மொத்த வணிகரின் கிடங்கு வேறு, சில்லறைக் கடை வேறு. கிடங்குக்குக் கண்ணாடிச் சன்னல் வேண்டாம், பெயர்ப்பலகை வேண்டாம், வழிப்போக்கரைக் கவர வேண்டிய தேவையே இல்லை. ஜார்ஜிய காலத்திலேயே கடைக்காகக் கட்டப்பட்ட வீடுகள் இருந்தனவே. அவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பவர்ஸ்கோர்ட் மாளிகையில் நடந்திருப்பது இயல்பானதா, ஒட்டுப்போட்டதா என்று தெரியும். அறிந்தவர்கள் சொல்லலாம்.

---

உத்திரம்

இது நல்ல கேள்வி. சற்று விரிவாகவே சொல்கிறேன்.

லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் ஆர்ட்டிலரி லேனில் 56ஆம் எண் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டு வணிகர்களான ஹியூகனாட்டுகளுக்காக (பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டு வழியினருக்காக) 1750களின் இடையில் அமைக்கப்பட்ட கடைமுகப்பு இன்றும் அப்படியே நிற்கிறது. டோரிக் எனப்படும் எளிய கிரேக்கப் பாணித் தூண்கள், அவற்றுக்கிடையே தெருவை நோக்கி மெல்ல வளைந்து வரும் சன்னல்கள், மேலே உத்திர வரிசை எல்லாம் மரத்தில். இத்தகைய முகப்பில் வாடிக்கையாளருக்கு ஒரு கதவும் வீட்டாருக்கு வேறொரு கதவும் இருக்கும். முதலாமவர் அகலமான கதவு வழியாகச் சரக்கிடம் போவார். இரண்டாமவர் குறுகிய கதவு வழியாக நேரே மாடிப்படிக்குப் போவார். கடை வீடு என்ற கட்டட வகையின் உயிர்நிலை இந்த இரட்டைக் கதவுதான்.

சன்னலின் வளைவையும் சட்டம் அளந்தது. 1774இன் லண்டன் கட்டடச் சட்டத்தின்படி, அகலமான தெருவில் கடைச் சன்னல் 10 அங்குலமும் குறுகிய தெருவில் 5 அங்குலமும் மட்டுமே முன்னால் வரலாம். பெயர்ப்பலகைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1762இல் வெஸ்ட்மின்ஸ்டரின் தெருச் சீரமைப்புச் சட்டம் கம்பியில் தொங்கும் பலகைகளை நீக்கச் செய்ததும், கடைக்காரரின் பெயர் சன்னலுக்கு மேலிருந்த கிடைப்பட்டையில் எழுத்தாக ஏறிக்கொண்டது. கண்ணாடியோ ஊதித் தட்டாகச் சுழற்றிய தகட்டிலிருந்து வெட்டியது. பெரிய சில்லு கிடைக்காது. போதாததற்கு பிரிட்டனில் 1746 முதல் 1845 வரை கண்ணாடிக்கு எடைக்கணக்கில் வரி. ஜார்ஜியக் கடை என்றதும் நினைவுக்கு வரும் சிறுசிறு கட்டங்கள் கொண்ட சன்னல் அழகுக்காகப் பிறந்ததன்று. இன்று ஒரே பாளமான கண்ணாடியின் மேல் மரப்பட்டைகளை ஒட்டி அதைப் போலச் செய்கிறார்கள். பார்க்கும்போது எனக்குப் பல் கூசும்.

டப்ளினிலும் இவ்வகை உண்டு. 1757இல் சட்டத்தால் அமைக்கப்பட்ட அகலத் தெருக்கள் ஆணையம், நூற்றாண்டின் இறுதியில் வெஸ்ட்மோர்லண்ட் தெருவையும் டோலியர் தெருவையும் வெட்டியபோது, கீழே கடையும் மேலே வீடுமாக ஒரே சீரான முகப்புகளை வகுத்தது. இந்தக் கட்டடங்களில் சிலவற்றை டோலியர் தெருவில் இப்போதும் காணலாம். ஒவ்வொரு வணிகரும் தம் விருப்பப்படி கட்டாமல், கடைவரிசை முழுவதும் ஒரே மாளிகை போலத் தோன்ற வேண்டும் என்பது அந்த ஆணையத்தின் ஆசை.

இப்போது பவர்ஸ்கோர்ட் மாளிகைக்கு வருவோம். அங்கே இரட்டைக் கதவு இல்லை. இருந்த ஒரே கதவு விருந்தினருக்குரியது. 1981இன் மாற்றத்தில் தெருமுகப்பின் கருங்கல்லைக் குடைந்து கடைச் சன்னல் வைக்கவில்லை. மாறாக, ஜான்ஸ்டனின் பின்முற்றத்துக்கு மேலே கண்ணாடிக் கூரை போட்டு, அதைச் சுற்றி நடைமாடங்களும் கடைகளும் அமைத்தார்கள். தெருவைப் பார்க்க வேண்டிய கடைகள் முற்றத்தைப் பார்க்கத் திரும்பின. முகப்பு தப்பித்தது இந்த உத்தியால்தான்.

ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு. கட்டடத்தின் மையம் இடம் மாறிவிட்டது. மேக் வகுத்த வீட்டில் எல்லாமே முன்கூடத்திலிருந்து மேல்நோக்கிப் போகும். முற்றம் என்பது சாணமும் நிலக்கரியும் சேரும் பின்கட்டு. இப்போது வருபவர்களில் பலர் பின்கட்டில் அமர்ந்து காப்பி குடித்துவிட்டு, மகோகனிப் படிக்கட்டு ஒன்று இருப்பதே தெரியாமல் திரும்பிவிடுகிறார்கள். மாடப்புறா அவர்களே, விலைச்சீட்டைவிட இதுதான் எனக்கு உறுத்தல். விலைச்சீட்டை ஒரே நாளில் கழற்றிவிடலாம். திசை மாறிய நடையைத் திருப்புவது கடினம்.

---

கல்தச்சன்

பயன்பாட்டில் இருந்தால் கட்டடம் பிழைத்துக்கொள்ளும் என்று பொதுவாகச் சொல்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. கீழ் ஃபிட்ஸ்வில்லியம் தெருவில் 16 ஜார்ஜிய வீடுகளை மின்வாரியம் 1965இல் இடித்தது. அவை பாழடைந்து கிடந்தவை அல்ல. அந்த வாரியமே அலுவலகங்களாகப் பயன்படுத்தியவை. அத்தனை பேர் எதிர்த்தும் நகரின் மிக நீண்ட ஜார்ஜிய முகப்பு வரிசை நடுவில் உடைந்தது. பயன்பாட்டில் இருக்கும்போதே அலுவலகத்துக்குப் புதுக் கட்டடம் கட்டலாம் என்று தோன்றிவிடுகிறது. பவர்ஸ்கோர்ட் மாளிகை தப்பியதற்குக் கடை மட்டும் காரணமாக இருக்க முடியாது. 1970களின் இறுதிக்குள் இடிப்பதற்கு எதிரான மனநிலை நகரில் வலுத்துவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பழைய கட்டடங்களைக் காக்க 1958இல் தோன்றிய ஐரிஷ் ஜார்ஜியச் சங்கத்துக்கு அதில் பெரும் பங்குண்டு. அதன் அலுவலகம் இன்று அதே தெருவில், இதே மாளிகைக்குப் பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிறது. ஓவியக் கலைஞர்களின் சங்கம் தம் படைப்புகளைக் காட்சிக்கு வைப்பதற்கென்றே பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டிய நகர மன்றக் கட்டடம் அது. மாளிகையைப் பார்க்கப் போகிறவர்கள் அதையும் பாருங்கள்.

---

சுண்ணச்சாந்து

உத்திரம் அவர்கள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். முற்றத்துக்குக் கூரை போட்டதால் கடைகளுக்கு வேண்டிய காற்றுக் குழாய், சமையல் புகைப்போக்கி, மின்கம்பி ஆகியவற்றைப் பின்புறச் செங்கல் கட்டடங்களின் பக்கமே வைத்துக்கொள்ள வழி பிறக்கிறது. பழைய அறைகளில் இயங்கும் கடைகள் எதை விற்கின்றன என்பதும் முக்கியம். துணி, நகை, பழம்பொருள், ஓவியம் போன்றவை சுதைக்குப் பகையல்ல. அடுப்புதான் பகை. எண்ணெய்ப் புகையும் ஈரமும் சேர்ந்தால் சுண்ணாம்பின் மேல் படியும் பிசுக்கை எந்த மருந்தும் முழுதாக எடுப்பதில்லை. குத்தகைப் பத்திரத்தில் ஒரே ஒரு வரி எழுதும் உரிமை எனக்குக் கிடைத்தால், சுதை உள்ள அறையில் அடுப்பு கூடாது என்பதைத்தான் எழுதுவேன்.

---

பழங்கணக்கு

மாடப்புறா அவர்கள் கிடங்கையும் கடையையும் பிரித்தது சரியே; என் கணக்கில் அதைத் தனியாகக் காட்டியிருக்க வேண்டும். ஆனால் கிடங்குக்காரர்கள் ஒரு வகையில் நல்ல காவலர்கள். துணி மூட்டை அடுக்குபவருக்கு மேல்தளம் தேவையில்லை; ஆகவே அதை நாகரிகத்துக்கேற்ப மாற்றவேண்டும் என்று அவருக்குத் தோன்றாது. செல்வாக்கான குடும்பம் ஒன்று தொடர்ந்து குடியிருந்திருந்தால், விக்டோரியா காலத்தில் மெக்கல்லாவின் சுதையைச் செதுக்கி எறிந்துவிட்டு வேறெதையாவது பூசியிருப்பார்கள். இது ஊகம்தான், ஆனால் பிற மாளிகைகளில் அப்படி நடந்திருக்கிறது.

---

மாடப்புறா

காவலர் என்ற சொல்லுக்குச் சற்று மிகையான பொருள் கொடுத்துவிட்டீர்கள். கண்டுகொள்ளாமல் விட்டவர் என்றால் ஏற்பேன். ஆயினும் என் முதல் பதிலைத் திருத்திக்கொள்கிறேன். கடைகள் வீட்டை அழித்தன என்று சொன்னது சரியன்று. வீடு 1807இலேயே முடிந்துவிட்டது. அதன் ஓட்டுக்குள் வேறொன்று வளர்ந்திருக்கிறது. அந்த வேறொன்றுக்கு முன்வாசலிலிருந்து வழிகாட்டத் தெரியவில்லை என்பதுதான் இப்போதைய என் குறை. அந்த அளவில் உத்திரம் அவர்களோடு உடன்படுகிறேன்.

---

தூண்நிழல்

அனைவருக்கும் நன்றி. இந்த இழையைப் படித்த பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது. நான்கு ஆண்டுகளாக நான் உள்ளே போனதெல்லாம் பின்பக்கத்து முற்றத்தின் வழியாகத்தான். படிக்கட்டை அந்தப் பக்கத்திலிருந்துதான் பார்த்திருக்கிறேன். அதாவது விருந்தினர் திரும்பிப் போகும் திசையிலிருந்து.

நேற்றுக் காலை, கடைகள் பெரும்பாலும் திறக்காத நேரத்தில், சவுத் வில்லியம் தெருவின் கல்படி ஏறி முன்வாசல் வழியாக நுழைந்தேன். தெருவின் இரைச்சல் நான்கைந்து அடிக்குள் அடங்கிவிடுகிறது. கூடத்தில் வெளிச்சம் குறைவு. படியில் ஏறத் தொடங்கியதும் சுவரின் சுதை மேலேறும் வேகத்தோடு தானும் மேலேறுவதைப் போலிருந்தது. சுண்ணச்சாந்து அவர்கள் சொன்னதைச் சோதிக்க ஒரு பக்கத்து இலைச்சுருளை எதிர்ப்பக்கத்து இலைச்சுருளோடு ஒப்பிட்டேன். வளைவு ஒத்துப்போனாலும் நுனி ஒத்துப்போகவில்லை. ஒன்று சற்றே கூடுதலாகச் சுருண்டிருந்தது. பிறகு மாடி அறையில் ஸ்டேப்பிள்டனின் மேல்தளத்தில் அதே சோதனையைச் செய்தேன். அங்கே எந்த நுனியும் எந்த நுனியையும் மிஞ்சவில்லை. கைப்பிடியின் மகோகனி, திரும்புமிடங்களில் மற்ற இடங்களைவிட வழவழப்பாக இருந்தது. அந்த வழவழப்பில் முத்திரைத்தாள் வாங்க வந்தவர்களுக்கும் துணி மூட்டை சுமந்தவர்களுக்கும் எவ்வளவு பங்கு என்று எண்ணிக்கொண்டேன்.

முதல் கேள்வியின் மறுபாதி மட்டும் மிச்சமிருக்கிறது. முகப்பை முழுமையாகப் பார்க்க எங்கே நிற்க வேண்டும்? எதிர் நடைபாதையில் நின்றால் மேல்மாடத்தின் சுருள்கள் தெரிவதில்லை.

---

உத்திரம்

எதிரே இருக்கும் காசில் மார்க்கெட் என்ற சிறு தெருவுக்குள் போய், ட்ரூரி தெரு முனை வரை பின்னால் நடந்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள். இரு பக்கமும் கடைகள்; நடுவில் மேக்கின் கருங்கல் வாசலிலிருந்து சுருள் வரை ஒரே சட்டகத்தில் நிற்கும். மாலை வெயில் அந்தப் பக்கத்திலிருந்துதான் முகப்பின் மேல் விழும். ஆகவே வேலை முடிந்த பிறகு போங்கள்.

---

தூண்நிழல்

போய் நின்றேன். சுருள்கள் தெரிந்தன. பின்னால் வந்த சரக்கு வண்டிக்காக இரண்டு முறை ஒதுங்க வேண்டியிருந்தது.